மங்கையர்க்கரசி என்னும் பெயர்

குழந்தை பிறந்த 31ஆம் நாள் துடக்குக் கழித்து, பெரியவர் ஒருவர் அதன் காதிற் பெயரை மும்முறை ஓதும் வழக்கம் எம்மவரிடையே இன்றும் உண்டு. முன்னாளில் அப்பெயரைத் தெரிவதிற் பெரிய விவாதம் எழுவதில்லை. பாட்டன் பெயர், பாட்டி பெயர், அன்றேற் குலதெய்வத்தின் பெயர் என்று வழி முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. பாட்டன் பெயரைக் கொள்பவன் பெயரன். அதுவே பேரன் என மருவிற்று என்பர். யாழ்ப்பாணத்திலோ பாட்டனையே பேரன் என்றழைக்கும் வழக்கும் உண்டு. பெயரைக் கொடுத்தவரும் பேரன், கொண்டவனும் பேரன்! இக்காலத்தில் அவ்வழி அருகிவிட்டது. பெயர் தேடுவதற்கு 31 நாளும் போதாமற் போகிற வீடுகள் பல.

அத்தகைய வீடொன்றிலிருந்து அண்மையில் எமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் உயர்தர வகுப்பில் எம்மிடம் தமிழ் கற்ற மாணவி; இப்போது கணவருடன் வெள்ளவத்தையில் வாழ்கிறார். முதற் குழந்தை பெண். பிறந்தது மக நட்சத்திரத்தில். அந்நட்சத்திரத்துக்குச் சோதிடர் கூறும் எழுத்துகள் ம, மி, மு, மெ என்பன. தாயார் தம் அப்பம்மாவின் பெயராகிய மங்கையர்க்கரசி என்பதை வைக்க விரும்புகிறார். தந்தையார் 'மியா' என்று வைப்போம் என்கிறார். இரண்டு பெயருக்கும் நட்சத்திரம் இடங்கொடுக்கிறது, வீடுதான் இடங்கொடுக்கவில்லை.

மாணவி எழுதுகிறார்: "சேர், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சரியாகச் சொல்லமாட்டார்கள் என்கிறார். இந்தக் காலத்தில் இப்படி ஒருவரும் பெயர் வைப்பதில்லை, பிள்ளை தனித்துப்போகும் என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பம்மாவின் பெயரால் நாங்கள் பட்ட அலைச்சலை நினைத்துப் பார் என்கிறார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறந்து 42 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் தங்கள் கருத்தை எழுதுங்கள்."

ஒரு வீட்டு வழக்குக்குத் தீர்ப்புக் கூறும் உரிமை எமக்கில்லை. ஆயினும் சொல்லுதற்கு அரிது, வழக்கில் இல்லாதது, பத்திரங்களில் இடர் தருவது என்னும் மூன்று தடைகளும் பல வீடுகளில் எழுவன. அம்மாணவியின் இசைவுடன், ஊரும் பேரும் ஒழித்து, அவற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

பெயரின் அமைப்பு

தொடர்ப்பெயரொன்றைச் சரியாக ஒலிக்க வேண்டுமாயின், அது எங்கெங்கே பொருந்தியுள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மங்கை என்பது பெண்ணின் ஏழு பருவங்களில் மூன்றாவதைக் குறிக்கும் சொல். பொதுவாகப் பெண் என்ற பொருளிலும் வழங்கும். அதனோடு பலர்பால் விகுதியாகிய 'அர்' சேர, இடையில் யகரம் உடம்படுமெய்யாய் வந்து 'மங்கையர்' ஆயிற்று. நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' சேர, ககரம் இரட்டித்து 'மங்கையர்க்கு' ஆயிற்று. அதன்பின் 'அரசி' வந்தது. 'மங்கையர்க்கு' என்பதன் ஈறு குற்றியலுகரம். உயிரெழுத்து வந்து புணரும்போது அது மறைந்துவிடும். எஞ்சிய 'க்' வரும் அகரத்தோடு கூடிக் 'க' ஆகும். இவ்வாறு அமைந்ததே மங்கையர்க்கரசி.

இதில் மாணவர் கவனிக்க வேண்டிய சிறப்பொன்று உண்டு. எமது தொடர்ப்பெயர்களுட் பல, வேற்றுமை உருபு மறைந்து நிற்பன. மலைமகள் என்றால் மலையினது மகள். உருபை நாமே விரித்துக்கொள்கிறோம். மங்கையர்க்கரசி என்ற பெயரிலோ உருபு மறையவில்லை. பெயரின் நடுவே வெளிப்பட்டு நிற்கிறது. 'இராமனுக்குத் தம்பி', 'சீதைக்குத் தோழி' என்று நாம் பேசுவது போலவே 'மங்கையர்க்கு அரசி' என்பதும் ஒரு பேச்சுத்தொடர். அத்தொடரே ஒருவரை அழைக்கும் பெயராகிவிட்டது.

எவருடைய பெயர்?

இப்பெயரால் வரலாற்றில் அறியப்பட்டவர் சோழ மன்னன் மகளாய்ப் பிறந்து பாண்டிமாதேவியானவர். அவருடைய கணவன் நின்றசீர் நெடுமாறன் எனப்படும் பாண்டியன்; காலம் 7ஆம் நூற்றாண்டு. அரசன் சமண சமயத்தைத் தழுவியிருந்த அந்நாளில், அரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் சைவத்தைப் போற்றித் திருஞானசம்பந்தரை மதுரைக்கு அழைப்பித்தனர் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. சம்பந்தர் திருவாலவாயிற் பாடிய பதிகமொன்று இவ்வரசியின் பெயரையே முதலாகக் கொண்டு தொடங்குகிறது. சுந்தரர் தமது திருத்தொண்டத்தொகையில் இவரைச் சேர்த்தார். நாயன்மார் 63 பேருட் பெண்கள் மூவரே: காரைக்காலம்மையார், இசைஞானியார், மங்கையர்க்கரசியார்.

அந்தப் பதிகத்திலேயே இன்னொரு பெண் பெயரும் வருகிறது. மதுரையில் எழுந்தருளியிருக்கும் அம்மையின் பெயராகிய அங்கயற்கண்ணி என்பது அது. அம் என்றால் அழகு. கயல் என்பது மீன். அழகிய கயல் போன்ற கண்ணை உடையவள் அங்கயற்கண்ணி. 'கயல்' என்பதன் ஈற்று லகரம், 'கண்' என்பதன் ககரத்தோடு புணரும்போது றகரமாய்த் திரிந்தது. ஆகவே அங்கே வல்லின 'ற்' வருவது முறை. மங்கையர் என்பதிற் கயலும் இல்லை, லகரமும் இல்லை. அங்கே இடையின 'ர்' ஒன்றே உண்டு.

இவ்விரு பெயர்களும் காதுக்கு ஒத்திருப்பதாற்போலும், 'மங்கையற்கரசி' என்றும் 'மங்கயற்கரசி' என்றும் எழுதுவோர் பலர். திருமண அழைப்பிதழ்களிலும் நினைவு மலர்களிலும் இப்பிழையைக் காண்கிறோம். இதனைத் தவிர்க்க எளிய வழியொன்று உண்டு. தமிழில் ஒற்றின் மேல் ஒற்று அடுக்குவது ய், ர், ழ் என்னும் மூன்றின் பின்னரே. வேய்க்குழல், கார்த்திகை, வாழ்க்கை என்பவற்றைக் காண்க. வல்லின 'ற்' என்பதன் பின் இன்னோர் ஒற்று வாராது. கற்கண்டு, பொற்குடம் என்பவற்றை நோக்குக. எனவே 'ற்' எழுதினாற் 'க்' கெடும். 'க்' கெட்டால் உருபாகிய 'கு' கெடும். உருபு கெட்டாற் பெயரின் பொருளே கெடும். ஓரெழுத்துத் தவறினால் அரசி தன் மங்கையரை இழந்துவிடுகிறாள்.

வழக்கில் வந்ததும் அருகியதும்

'இப்படி ஒருவரும் வைப்பதில்லை' என்பது இரண்டாவது தடை. இன்றைய முதலாம் வகுப்பு இடாப்பைப் பார்ப்போருக்கு அது மெய்யாகவே தோன்றும். ஆனால் எமது பாட்டிமார் காலத்து இடாப்புகள் வேறு வகையின. நாகம்மா, பொன்னம்மா, அன்னலட்சுமி, சிவபாக்கியம் என்ற பெயர்களோடு மங்கையர்க்கரசி, திலகவதி, பரமேசுவரி என்பனவும் அக்காலத்துச் சைவ வீடுகளில் இயல்பாக வழங்கின.

பெயரொன்று பரவுவதற்குக் கதையொன்று வேண்டும். ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் அச்சிட்டபின், செய்யுள் கற்காதவரும் அவ்வடியார் வரலாறுகளை வாசிக்கலாயினர். கோயில்தோறும் புராணபடனம் நிகழ்ந்தது. மடத்திலும் திண்ணையிலும் கேட்ட கதை தொட்டிலுக்கு வந்தது. நல்லூரிற் பாடசாலையொன்று இவ்வரசியின் பெயரைத் தாங்கியது. 1949இல் பி. யு. சின்னப்பா நடித்த திரைப்படமொன்று 'மங்கையர்க்கரசி' என்ற பெயருடன் வெளிவந்தது. அரசியல் மேடைகளிலும் இப்பெயர் ஒலித்தது, அ. அமிர்தலிங்கம் அவர்களின் துணைவியாராய், தாமும் மேடையேறிப் பேசியும் பாடியும் வந்த மங்கையர்க்கரசி அம்மையார் 2016இல் இலண்டனிற் காலமானார்.

பின்னர் எமது வீடுகளிற் பெயரின் போக்கு மாறிற்று. வடவெழுத்து ஒலிகள் மிக்க பெயர்கள் நாகரிகமாய்த் தோன்றின. எண்சோதிடர் சொற்படி ஆங்கில எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் புதுப்பெயர்கள் புனையப்பட்டன. பொருள் யாதென்று கேட்டாற் பெற்றோரே விழிக்கும் பெயர்களும் அவற்றுள் உண்டு. கடல் கடந்து வாழ வேண்டியோர், பிறநாட்டார் நாவுக்கு எளிதாகட்டும் என்று பெயரைச் சுருக்கினர். இவற்றுள் எதனையும் நாம் குற்றமாகக் கூறவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய காரணம் இருந்தது.

ஆனால் அருகிய பெயர் மீளாது என்று எண்ணுதல் பொருந்தாது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' கதை 2022இலும் 2023இலும் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தது. வந்தியத்தேவன், குந்தவை, பூங்குழலி என்ற பெயர்களை அதுவரை அறியாத சிறுவரும் அவற்றை உச்சரித்தனர். கதை மீண்டபோது பெயரும் மீண்டது. இன்று ஒரு வகுப்பில் ஒரே பெயருடைய பிள்ளைகள் மூவர் நால்வர் இருப்பதும், அவர்களை முதலெழுத்துச் சொல்லி வேறுபடுத்துவதும் ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. அங்கே அரிய பெயருடைய பிள்ளை தனித்து நிற்குமே ஒழியத் தனித்துப்போகாது.

ஒலிக்கும் முறை

இனி முதலாவது தடைக்கு வருவோம். மங்கையர்க்கரசி என்ற பெயரில் ம, ங், கை, ய, ர், க், க, ர, சி என ஒன்பது எழுத்துகள் உள. பார்வைக்கு நீண்டதாயினும் நாவுக்கு அத்துணைக் கடினமன்று. மூன்று நுட்பங்களை அறிந்தாற் போதும்.

ஒன்று: இப்பெயரிற் ககரம் இரண்டு வகையாக ஒலிக்கிறது. 'மங்கை' என்பதில் மெல்லினத்தின் பின் வருவதால் மெலிந்து, 'சங்கு' என்பதிற் போல ஒலிக்கும். 'யர்க்க' என்பதில் இரட்டித்து வருவதால் வலிந்து, 'அக்கா' என்பதிற் போல ஒலிக்கும். தமிழ் கற்ற பிள்ளைக்கு இது தானே வரும். பிறர்க்கு நாம் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

இரண்டு: நடுவிலுள்ள 'கை' என்பதை நீட்டலாகாது. ஐகாரத்துக்கு இரண்டு மாத்திரை உரியதாயினும், சொல்லின் இடையில் வரும்போது அது ஒரு மாத்திரையாய்க் குறுகும். கற்றோர் இதனை ஐகாரக்குறுக்கம் என்பர். ஆங்கிலப் பழக்கமுடையார் இப்பெயரைப் படிக்கும்போது எங்கேனும் ஓரிடத்தை அழுத்தி நீட்டி 'மங்காயர்' என்றோ 'கராசி' என்றோ சொல்வதுண்டு. இப்பெயரில் நீண்டு ஒலிக்கும் உயிரொன்றும் இல்லை. அடியிலிருந்து முடிவரை ஒரே நடையாய்ச் செல்வதே இதன் அழகு.

மூன்று: பொருள் பிரியும் இடமும் மூச்சுப் பிரியும் இடமும் வேறு. பொருளால் மங்கையர்க்கு, அரசி என்று பிரியும். சொல்லும்போதோ மங்கை, யர்க், கரசி என்று மூன்று படியாய் இறங்கும். குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கையில் முதலில் மூச்சின் வழியே பிரித்துப் பழக்குக. பின்னர், சற்று வளர்ந்தபோது, பொருளின் வழியே பிரித்துக் காட்டுக.

பள்ளியிற் கேலி எழும் என்ற அச்சமும் உண்டு. அரசி என்பது 'அரிசி' ஆகிவிடும் என்பது எல்லோரும் அறிந்த பகடி. அதற்கு மருந்து பகடியே. அரிசி இல்லாத அரண்மனையில் அரசியும் பட்டினிதான் என்று சிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளையை எவரும் நெடுநாள் கேலி செய்யார்.

இத்தனையும் சொல்லிவிட்டோம். ஆனால் சிறு பிள்ளை இப்பெயரைச் சொல்லுமா என்ற கேள்விக்கு, அம்மாணவியின் கடிதத்தின் பிற்பகுதியிலேயே விடை இருந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். மழையில், செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த பெருங்கூட்டத்தில் ஆறு வயதுச் சிறுமியாய் எமது மாணவியும் இருந்தார். தாயிடம் கைக்குழந்தை, தந்தையின் சைக்கிளில் மூட்டைகள். சிறுமியின் கையைப் பிடித்து நடந்தவர் அப்பம்மா. வழியில் அவர் பேத்தியிடம் சொன்னாராம்: "பிள்ளை, கை விட்டுப்போனால் அப்பம்மா எண்டு குழறாதை. இந்தச் சனத்துக்குள்ளை கிழவியள் எல்லாரும் ஆற்றையோ அப்பம்மாதான். என்ரை முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிடு. எங்கை, சொல்லு பாப்பம்."

சிறுமி முதலில் 'மங்கர்க்கசி' என்றார். பின்னர் 'மங்கைக்கரிசி' என்றார். அப்பம்மா ஒவ்வொரு தடவையும் திருத்தினார். சில மைல் வழிக்கு இரவு முழுதும் சென்றது. கற்பதற்கு நேரம் இருந்தது. பாலத்தை அணுகியபோது பெயர் பிழையின்றி வந்துவிட்டது. பாலத்தைக் கடந்த நெருக்கத்திற் கையும் விட்டுப்போயிற்று. சிறுமி அழுதுகொண்டே அந்தப் பெயரைக் கூவினார். அருகில் நின்ற முன்பின் அறியாத ஒருவர் அதனைக் கேட்டு உரத்துக் கூவினார். அவர்க்கு அப்பால் இன்னொருவர். அக்கூட்டத்தில் அப்பம்மாக்கள் எத்தனையோ ஆயிரம். அந்தப் பெயருக்குத் திரும்பியவர் ஒருவரே.

அரிய பெயரினால் வரும் பயன் யாதென்று கேட்போருக்கு இதைவிட நாம் சொல்லக்கூடியது ஒன்றில்லை.

பத்திரங்களில் வந்த இடர்

ஆயினும் கணவரின் மூன்றாவது தடையை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. அப்பம்மா காலமானபின் அவருடைய வளவை மகன் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. காணி உறுதியில் மங்கையர்க்கரசி என்றிருந்தது. பிறப்புப் பதிவில் மங்கையற்கரசி. அடையாள அட்டையிலோ மங்கயக்கரசி. மூவரும் ஒருவரே என்று காட்டுமாறு அலுவலகமொன்றிற் கேட்டனர். கிராம அலுவலரின் கடிதம், சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, பழைய பள்ளிக்கூட இடாப்பின் பிரதி என்று ஒவ்வொன்றாய்த் தேடி முடிக்க இரண்டு வருடங்கள் சென்றன. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்குமாக அலைந்தவர் அந்தக் கணவரே. மனைவியின் குடும்பத்துக்காக அத்தனை பாடுபட்டவர், 'என் பிள்ளைக்கு இது வேண்டாம்' என்று சொன்னால் அவரை எவரும் தமிழ்ப்பற்று அற்றவர் எனல் தகாது.

ஆனால் இடர் எங்கிருந்து வந்தது என்பதை ஆராய வேண்டும். அந்த மூதாட்டிக்கு இருந்தது ஒரே பெயர். எழுதியவர்கள் அதனை மூன்றாக்கினர். பெயரின் நீளம் அதற்குக் காரணமன்று. காதால் கேட்டதைக் கண்ணால் சரிபாராமல் விட்டதே காரணம். இரண்டெழுத்துப் பெயர்களுக்கும் இதே விபத்து நேர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். மியா என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தில் மியா, இன்னோரிடத்தில் மீயா, வேறோரிடத்தில் மையா என்று எழுதுவார் இலர் என்பதற்கு உறுதி யாது?

எனவே எப்பெயர் வைப்போருக்கும் எமது வேண்டுகோள் ஒன்றே. பதிவாளரிடம் செல்லுமுன், பெயரை ஒரு தாளிற் பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதிக்கொண்டு செல்க. வாயாற் சொல்லி எழுதுவிக்க வேண்டாம். எழுதியபின் ஒவ்வோர் எழுத்தாய்ப் பார்த்தபின்னரே ஒப்பமிடுக. பின்னர் திருத்துவதற்கும் வழியுண்டு. ஆனால் அது அலைச்சலுக்குரிய வழி.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது எம்மவர் பழக்கமொன்று கவனத்துக்குரியது. ங்க என்பதை என், கே என்ற எழுத்துகளால் எழுதுவது இலங்கையில் நெடுநாள் வழக்கு. தமிழறிந்தோர் அதனைச் சரியாகவே படிப்பர். தமிழறியாதார் 'மன்கை' என்று படித்துவிடுவர். ஆதலின் முதற் ககரத்துக்கு ஜீ என்ற எழுத்தையும், அடுத்த ககரத்துக்குக் கே என்ற எழுத்தையும் இடுதல் நன்று. எம், ஏ, என், ஜீ, ஏ, வை, ஏ, ஆர், கே, ஏ, ஆர், ஏ, எஸ், ஐ என்று 14 எழுத்துகளில் அடக்கலாம். 'கை' குறுகி ஒலிப்பதால் ஏ, வை என்று எழுதுவது ஒலிக்கும் ஒத்ததே. கே என்பதை இரட்டித்து 15 ஆக்குவோரும் உளர், அதுவும் பிழையன்று. ஆனால் இரண்டில் ஒன்றைத் தெரிந்தபின், பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பிலும் பள்ளியிலும் கடவுச்சீட்டிலும் அதனையே கடைப்பிடித்தல் வேண்டும். எண்சோதிடத்துக்காக நடுவில் ஓரெழுத்தைக் கூட்டுவோர், அவ்வெழுத்தை எல்லாப் பத்திரங்களிலும் சுமக்க வேண்டியவர் குழந்தையே என்பதை மறவாதிருப்பாராக.

சிங்கள எழுத்திலோ ககரத்தின் இவ்விரு ஒலிகளுக்கும் வெவ்வேறு எழுத்துகள் உண்டு. மெலிந்த ஒலி எது, வலிந்த ஒலி எது என்று சொல்லிக் கொடுத்தால், எமது பெயரை எம்மிலும் தெளிவாக அவர்கள் எழுதிவிடலாம்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

மியா என்ற பெயரைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது சிறியது, இனியது, எந்நாட்டாரும் சொல்லக்கூடியது. வீட்டுப் பூனையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் என்பதைத் தவிர, அதில் குறையொன்றும் எமக்குத் தோன்றவில்லை. தந்தை தன் மகளுக்குத் தடையற்ற வழியை விரும்புவதும் அன்பேயாகும்.

பதிவில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக வழங்குவது எம்மவர்க்குப் புதிதன்று. மங்கையர்க்கரசி என்று பதிந்து மியா என்றே வீட்டில் அழைக்கலாம். தந்தையின் செல்லப்பெயர் அன்றாடம் ஒலிக்கும்; தாயின் அப்பம்மா பெயர் பத்திரத்தில் நிலைக்கும். இதை மாற்றி, பதிவிற் சிறுபெயரும் வீட்டிற் பெரும்பெயருமாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். செல்லப்பெயர் வைப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை, எந்நாளும் வைக்கலாம். பதிவில் இல்லாத நீண்ட பெயரோ, அதனைச் சொல்லிவந்த முதியோர் மறைந்ததும் வீட்டிலிருந்து மறைந்துவிடும். இந்த ஒரு காரணத்தால் எமது சார்பு தாயின் பக்கமே. தீர்ப்பு மட்டும் அவ்விருவருடையது.

அவர்கள் எதனைத் தெரிந்தாலும் ஒன்றை மட்டும் செய்வார்களாக. குழந்தை பேசத் தொடங்கும் நாளில், பூட்டியின் முழுப்பெயரை ஒருமுறை சொல்லிப் பழக்குக. ஆறு வயதில், இருட்டில், மழையில் ஒரு பிள்ளை கற்ற பெயரை, வெளிச்சமுள்ள வீட்டில் இன்னொரு பிள்ளை கற்பது அரிதன்று.

மாணவர்க்கு

திருக்கோணேச்சரத்து அம்மையின் பெயர் மாதுமையாள். முன்னேச்சரத்து அம்மையின் பெயர் வடிவாம்பிகை. இவ்விரு பெயர்களையும், பூங்குழலி, செந்தாமரை என்னும் பெயர்களையும் பிரித்து எழுதுக. மங்கையர்க்கரசி என்பதில் நிகழ்ந்தது போலவே குற்றியலுகரம் மறைந்து புணர்ந்த பெயர் இவற்றுள் எது? 'பூங்குழலி' என்பதிலுள்ள ககரம் மெலிந்து ஒலிக்குமா, வலிந்து ஒலிக்குமா? வீட்டிலுள்ள முதியோரின் முழுப்பெயர்களையும் கேட்டு எழுதி, அவற்றுட் தொடர்ப்பெயர்கள் எவை என்று பார்க்குக. அடையாள அட்டையில் அப்பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் ஒப்பிடுக. பிழை காணின் பெரியோர்க்கு இப்போதே சொல்லுக. விடைகளை அடுத்த கிழமை காண்போம்.